மதுபானசாலை அனுமதி: வரி கொழும்புக்கு, சுமை ஊருக்கு, தீர்மானம் யாருக்கு?

2024 டிசம்பரில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் ஒரு பட்டியலை முன்வைத்தார். அந்த வருடம் ஜனவரி முதல் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அது. மொத்தம் 361. மேல் மாகாணத்துக்கு 110, தெற்குக்கு 48, மத்திய மாகாணத்துக்கு 45, வடக்குக்கு 32, வடமேல், ஊவா, சப்ரகமுவ மாகாணங்களுக்குத் தலா 30, கிழக்குக்கு 22, வடமத்திக்கு 14. ஜனாதிபதித் தேர்தல் காலம் முழுவதும் மேடைகளில் அடிபட்ட 'பார் பேர்மிட்' விவகாரத்துக்கு அன்றுதான் எண்கள் கிடைத்தன.

அதன்பின் நடந்த வாதப் பிரதிவாதங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். யாருக்குக் கொடுத்தார்கள், எந்த எம்.பி. பரிந்துரைத்தார், யாருடைய பெயரில் யார் நடத்துகிறார்கள் என்பதே பேச்சாக இருந்தது. அரசியல் இலஞ்சம் என்றது ஒரு தரப்பு. சட்டப்படியே வழங்கப்பட்டன என்றது முன்னைய ஆட்சித் தரப்பு. பெயர்ப் பட்டியலைக் கேட்டோம், சில பெயர்கள் வந்தன, சில வாரங்களில் வேறு செய்திகள் வந்துவிட்டன.

ஆனால் அந்த 361 இல் எத்தனை கடைகளுக்கு முன்னர், அவை அமையவிருந்த ஊர் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்பட்டது? இந்தக் கேள்வியை ஆளும் கட்சியும் எழுப்பவில்லை, எதிர்க்கட்சியும் எழுப்பவில்லை. என்னைப் பொறுத்தவரை, யாருக்குக் கொடுத்தார்கள் என்பதைவிட இதுதான் முக்கியமான கேள்வி. ஏனெனில், ஒரு நேர்மையான அமைச்சர் நேர்மையான ஒரு வர்த்தகருக்கு அனுமதி கொடுத்தாலும், அந்தக் கடை ஒரு பாடசாலைக்குப் போகும் வழியில்தான் திறக்கப்படும் என்றால், ஊருக்கு அதில் என்ன மாற்றம்?

அனுமதி எப்படிப் பிறக்கிறது?

இலங்கையில் மது தொடர்பான தாய்ச் சட்டம் 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். நூறு வருடம் தாண்டிய காலனித்துவச் சட்டம். அதன் நோக்கம் பெயரிலேயே இருக்கிறது. அது வரிக்கான சட்டம். மது எங்கே வடிக்கப்படுகிறது, எவ்வளவு வடிக்கப்படுகிறது, யார் விற்கிறார்கள் என்பதை அரசாங்கம் அறிந்து வைத்திருப்பது வருமானம் தவறிப்போகாமல் இருப்பதற்காகவே. ஆகவே மதுவரித் திணைக்களம் இன்றுவரை நிதியமைச்சின் கீழேயே இயங்குகிறது. 2024 இல் அந்தத் திணைக்களத்தின் வருமானம் 200 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. இவ்வளவு பெரிய வருமானத்தை ஈட்டித் தரும் ஒரு திணைக்களத்திடம், கடை வேண்டாம் என்ற ஊரின் குரலுக்குக் காது கொடுக்கச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அனுமதிகளில் பல வகை உண்டு. போத்தலாக வாங்கிச் செல்லும் கடைக்கு 'எஃப்.எல். 4' என்ற வகை. நாம் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று சொல்வது அதைத்தான். ஹோட்டலுக்கு ஒரு வகை, உணவகத்துக்கு ஒரு வகை, கள்ளுத் தவறணைக்கு ஒரு வகை, வடிசாலைக்கும் பியர் தொழிற்சாலைக்கும் தனித்தனி வகைகள். சில்லறைக் கடைகளைப் பொறுத்தவரை, பாடசாலைகளிலிருந்தும் வணக்கத்தலங்களிலிருந்தும் குறித்த தூரத்துக்குள் அமையக் கூடாது என்ற விதி இருக்கிறது. பிரதேச செயலாளர், பொலிஸ் போன்றோரின் அறிக்கைகளும் பெறப்படுகின்றன. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாது.

நடைமுறை வேறு. நான் படிப்பிக்கும் பாடசாலை அமைந்துள்ள பிரதேசத்தில் சில வருடங்களுக்கு முன் சந்தியில் ஒரு கட்டடத்துக்குத் திடீரென வெள்ளையடிக்கப்பட்டது. உள்ளே கண்ணாடி அலுமாரிகள் இறக்கப்பட்ட பிறகுதான் என்ன கடை வரப்போகிறது என்பது ஊருக்குத் தெரிந்தது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், அருகிலுள்ள கோயில் பரிபாலன சபை மூன்றும் சேர்ந்து கையெழுத்துத் திரட்டின. மனுவைக் கொடுக்கப் போனவர்களில் நானும் ஒருவன். அங்கிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார். "சேர், எங்களிட்ட கேட்டது ஓர் அறிக்கை மட்டும்தான். தீர்மானம் மேலே. நீங்க கொழும்புக்கு எழுதுங்க" என்றார். தூரத்தை எப்படி அளந்தீர்கள், நேர்கோட்டிலா, பாதை வழியாகவா, பாடசாலையின் பிரதான வாயிலிலிருந்தா, பிள்ளைகள் உண்மையில் பாவிக்கும் பக்கவாயிலிலிருந்தா என்று கேட்டோம். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் கிடைக்கவில்லை. கொழும்புக்கு எழுதினோம். பதில் வருவதற்கு முன் கடை திறக்கப்பட்டுவிட்டது.

இதில் எந்த உத்தியோகத்தர் மீதும் எனக்குக் குறை இல்லை. குறை அமைப்பில் இருக்கிறது. ஊருக்கு மிக அருகில் இருப்பவருக்கு அறிக்கை எழுதும் வேலை. ஊரை ஒருநாளும் பார்க்காதவருக்குத் தீர்மானிக்கும் அதிகாரம்.

நூறு வருடத்துக்கு முன் கேட்கப்பட்ட ஊர்

இது எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1912 இல் ஆங்கில அரசு புதிய மதுவரி முறையின் கீழ் நாடு முழுக்கக் கள்ளுத் தவறணைகளைத் திறக்க முற்பட்டபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. வரலாற்றுப் பாடத்தில் மதுவொழிப்பு இயக்கம் என்று நாம் மாணவர்களுக்குக் கற்பிப்பது அதைத்தான். பின்னாளில் நாட்டின் முதலாவது பிரதமரான டி.எஸ். சேனாநாயக்கவும் அவரது சகோதரர்களும் பொதுவாழ்வுக்கு அறிமுகமானது அந்த இயக்கத்தின் மூலமே. தேர்தல் அரசியலுக்கு முன், கட்சிகளுக்கு முன், இந்நாட்டு மக்கள் ஊர் ஊராகக் கூட்டம் கூடிய முதலாவது பெரிய பிரச்சினைகளில் தவறணைப் பிரச்சினையும் ஒன்று.

அந்த அழுத்தத்தின் பயனாக, ஒரு பிரதேசத்து மக்கள் வாக்களித்துத் தமது பகுதித் தவறணையை மூடிவிடலாம் என்ற ஏற்பாடு காலனித்துவ ஆட்சியிலேயே வந்தது. அப்படி வாக்கெடுப்பு நடத்தப்பட்டுப் பல தவறணைகள் மூடப்பட்டன. சர்வசன வாக்குரிமை 1931 இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நாட்டை யார் ஆள வேண்டும் என்று வாக்களிக்க முடியாத மனிதர்களிடம், உங்கள் சந்தியில் தவறணை வேண்டுமா என்று கேட்கப்பட்டது. இன்று ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய எமக்கு வாக்கு இருக்கிறது. சந்தியில் திறக்கப்படும் கடையைப் பற்றி வாக்கு இல்லை. என் தலைமுறையில் யாரும் அப்படியொரு வாக்கெடுப்பைக் கண்டதில்லை.

கதிரைகள் காலியாக இருந்த காலம்

'ஊரின் குரல் உள்ளூராட்சி மன்றத்தில் இருக்கிறதே' என்று சிலர் கேட்கலாம். இருக்க வேண்டும். ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள்.

2017 இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்குடாப் பகுதியில், கும்புறுமூலையில், ஒரு பெரிய எத்தனோல் வடிசாலை கட்டப்பட்டது பெரும் சர்ச்சையானது. அந்தப் பகுதி மக்கள் எதிர்த்தார்கள். அதுபற்றிச் செய்தி சேகரிக்கச் சென்ற ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். தமிழரும் முஸ்லிம்களும் பல விடயங்களில் முரண்பட்டு நிற்கும் ஒரு மாவட்டத்தில், இந்த விடயத்தில் இரு சமூகத்தின் கவலையும் ஒன்றாகவே இருந்தது. அப்போது நாட்டின் பெரும்பாலான பிரதேச சபைகளில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கவில்லை. 2015 இல் பதவிக்காலம் முடிந்த சபைகளுக்கு 2018 பெப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் செயலாளர்களே நிர்வகித்தார்கள்.

இரண்டாவது முறை, 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. பணம் இல்லை என்று தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது. 2025 மே 6 ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. நாம் தொடக்கத்தில் பார்த்த அந்த 361 அனுமதிகளும் இந்த இடைவெளியில்தான் வழங்கப்பட்டன.

மாகாண சபைகளின் கதை இன்னும் மோசம். 13 ஆவது திருத்தத்தின்படி மதுபான அனுமதிக் கட்டணங்கள் மாகாண சபைகளுக்குரிய வருமான மூலங்களில் ஒன்று. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இலும், வடக்கினது 2018 இலும் முடிந்தன. அதன்பின் தேர்தலே இல்லை.

இதை யாரும் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான். வடக்குக்குக் கொடுக்கப்பட்ட 32 அனுமதிகளில் 16 கிளிநொச்சி மாவட்டத்துக்கு மட்டும் போய்ச் சேர்ந்தன. போரில் எல்லாவற்றையும் இழந்து மீண்ட, வடக்கின் சிறிய மாவட்டங்களில் ஒன்று அது. அங்கே மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஒரு சபை இயங்கியிருந்தால், குறைந்தபட்சம் 16 தடவைகள் அதைப்பற்றிச் சபையில் பேசியிருப்பார்கள். பேச ஆளில்லாத வீட்டில் பங்குபிரிப்பு இலகுவாக நடக்கும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

மது விடயத்தில் எம்மைவிடத் தாராளமான நாடுகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அங்கெல்லாம் ஊரின் குரலுக்கு எம்மிடம் இல்லாத இடம் இருக்கிறது.

இங்கிலாந்தில் 2003 ஆம் ஆண்டின் அனுமதிச் சட்டத்தின் கீழ், ஒரு இடத்தில் மது விற்கலாமா என்று தீர்மானிப்பது லண்டனிலுள்ள நிதியமைச்சு அல்ல, அந்தந்தப் பகுதியின் உள்ளூராட்சி மன்றம். விண்ணப்பம் வந்தால் கடை வாசலில் அறிவித்தல் ஒட்ட வேண்டும். அயலவர்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஆட்சேபம் வந்தால் பகிரங்க விசாரணை நடக்கும். குற்றங்களைத் தடுத்தல், பொதுப் பாதுகாப்பு, அயலவருக்கான தொல்லைகளைத் தடுத்தல், பிள்ளைகளைப் பாதுகாத்தல் என்ற நான்கு நோக்கங்களின் அடிப்படையில் மன்றம் முடிவெடுக்கும். ஸ்கொட்லாந்தில் ஐந்தாவதாகப் பொதுச் சுகாதாரமும் உண்டு.

அமெரிக்காவில் 1933 இல் மதுவிலக்கு நீக்கப்பட்டபோது அதிகாரம் மாநிலங்களிடம் போனது. பல மாநிலங்கள் அதை மாவட்டங்களிடம் விட்டன. உலகப் புகழ்பெற்ற ஜாக் டேனியல்ஸ் விஸ்கி வடிக்கப்படும் டென்னசி மாநிலத்தின் மூர் மாவட்டம் இன்றும் மதுவிலக்கு மாவட்டமாகவே கணிக்கப்படுகிறது. வடிசாலைக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு நினைவுப் போத்தல் விற்பதற்குக்கூட விசேட விதிவிலக்கு தேவைப்பட்டது. வடிசாலை ஊரில் இருக்கலாம், ஆனால் ஊருக்குள் விற்பதா இல்லையா என்பதை ஊரே சொல்லும்.

அயலில் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில் இன்னொரு முறை இருக்கிறது. ஒரு கிராமத்துப் பெண்கள் மதுக்கடைக்கு எதிராக மனுக் கொடுத்தால் அவர்களிடையே வாக்கெடுப்பு நடத்தப்படும். வாக்குச்சீட்டில் இரண்டு சின்னங்கள். ஒன்று நிமிர்ந்து நிற்கும் போத்தல், மற்றையது படுத்துக் கிடக்கும் போத்தல். பதிவுசெய்யப்பட்ட பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் படுத்த போத்தலுக்கு வாக்களித்தால் கடை மூடப்படும். எழுத வாசிக்கத் தெரியாத தாய்க்கும் புரியும் வாக்குச்சீட்டு அது. மதுவின் விலையை வீட்டுக்குள் செலுத்துபவர்களிடமே வாக்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

நாளைய கேள்வி: சிறு மதுவடிப்பகங்கள்

இதை ஏன் இப்போது பேச வேண்டும்? கடை ஒரு புறம் இருக்க, தயாரிப்பும் ஊருக்குள் வரும் காலம் நெருங்குகிறது.

இலங்கையில் பியர் வடிப்பு 19 ஆம் நூற்றாண்டில் நுவரெலியாவின் குளிரை நம்பித் தொடங்கியது. இன்று அது பியகமவில் பெரும் தொழிற்சாலை. சாராயமும் அப்படியே, ஒரு சில பெரிய கம்பனிகளின் கையில். ஆனால் உலகப் போக்கு வேறு. 'கிராஃப்ட் பியர்' என்ற பெயரில் சிறிய அளவில் வடித்து, அதே கட்டடத்தில் பரிமாறும் மதுவடிப்பகங்கள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் பெருகியுள்ளன. ஜின், ரம் வடிக்கும் சிறு வடிசாலைகளும் அவ்வாறே. உல்லாசப் பயணத்துறையை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மதுச் சட்டங்களைத் தளர்த்த வேண்டும் என்ற பேச்சும் பின்னால் வருகிறது. அது வரும்போது முதலில் பார்க்கப்படும் இடங்கள் எவை? கடற்கரைகள். அறுகம்பே, பாசிக்குடா, நிலாவெளி. அறுகம்பே முஸ்லிம்கள் செறிந்து வாழும் பொத்துவிலில் இருக்கிறது. பாசிக்குடாவுக்கும் ஓட்டமாவடிக்கும் இடையில் பெரிய தூரமில்லை.

சிறு மதுவடிப்பகம் என்பது சட்டத்துக்கு ஒரு புதிய சிக்கல். தொழிற்சாலை தூரத்தில் இருக்கும், கடை ஊருக்குள் இருக்கும் என்ற எண்ணத்தில்தான் பழைய விதிகள் எழுதப்பட்டன. இங்கே இரண்டும் ஒரே கூரையின் கீழ். அதற்கு எந்தத் தூர விதி? கழிவுநீர் எங்கே போகும்? கிணற்றுத் தண்ணீரை நம்பி வாழும் கரையோரக் கிராமத்தில் நாளொன்றுக்கு எவ்வளவு நிலத்தடி நீர் எடுக்கலாம்? இரவு எத்தனை மணிவரை பரிமாறலாம்? இவை எல்லாம் ஊர் சார்ந்த கேள்விகள். கொழும்பில் இருந்துகொண்டு ஒரே வர்த்தமானியால் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் ஒரு சிறு மதுவடிப்பகம் தொடங்குபவர் இரண்டு கதவுகளைத் தட்ட வேண்டும். வடிப்பதற்கும் வரி செலுத்துவதற்கும் மத்திய வரித் திணைக்களத்தின் அனுமதி. அங்கேயே பரிமாறுவதற்கு உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி. நான் சொல்ல வருவதும் அதுதான். வரி மத்திய அரசுக்குரியது, அதில் தகராறு இல்லை. இடம் ஊருக்குரியது. இந்த இரண்டையும் ஒரே கையில் வைத்திருக்கும்வரை, வருமானம் தேவைப்படும் ஒவ்வொரு அரசும் ஊரின் தலைக்கு மேலால் கையெழுத்திடும்.

சொல்லப்படும் நியாயங்கள்

முதலாவது நியாயம் வருமானம். அரசுக்குப் பணம் தேவை என்பது உண்மை. 2022 நெருக்கடியின் வலியை நாம் எல்லோரும் அனுபவித்தோம். ஆனால் மதுவரியின் பெரும்பகுதி விற்பனையாகும் மதுவின் அளவின் மீது அறவிடப்படுவது. கடையின் எண்ணிக்கை கூடியதால் மட்டும் வரி கூடாது. குடிப்பவர் கூடினால், அல்லது குடிப்பவர் இன்னும் அதிகமாகக் குடித்தால்தான் கூடும். ஆகவே 'வருமானத்துக்காகப் புதிய கடைகள்' என்று ஓர் அரசு சொன்னால், இன்னும் பலர் குடிக்க வேண்டும் என்றே அதற்கு அர்த்தம். அந்த வருமானத்திலிருந்து வைத்தியசாலைச் செலவையும், விபத்துகளையும், உடைந்த குடும்பங்களையும் கழித்துப் பார்த்த பிறகு பேசலாம்.

இரண்டாவது நியாயம் கசிப்பு. அனுமதிபெற்ற கடை இல்லாவிட்டால் மக்கள் கசிப்புக்குப் போவார்கள் என்கிறார்கள். கசிப்புக் குடிப்பவன் அதைக் குடிப்பது விலை குறைவு என்பதால். நெருக்கடிக்குப் பின் மதுவரி பல தடவைகள் உயர்த்தப்பட்டது. போத்தலின் விலை அதே உயரத்தில் இருக்கும்போது கடையை ஒரு கிலோமீற்றர் கிட்டே கொண்டுவந்தால் கசிப்பு எப்படிக் குறையும்? கசிப்பைக் குறைக்கும் வழி சுற்றிவளைப்பும் புனர்வாழ்வும்தான்.

மூன்றாவது நியாயத்தை மதிப்போடு அணுக வேண்டும். 'இது பல இன, பல மத நாடு. மது உங்களுக்கு ஹராம் என்பதற்காக மற்றவர் குடிக்கக் கூடாதா?' என்று கேட்கிறார்கள். கூடாது என்று நாம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வடக்கில் பனையேறும் தொழிலாளியின் வாழ்க்கை கள்ளோடு பிணைந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாக மரமேறி, கூட்டுறவுச் சங்கங்களாக இணைந்து பிழைக்கும் மக்கள் அவர்கள். வடமராட்சியின் திக்கம் வடிசாலை அவர்களது உழைப்பைச் சுற்றி எழுந்தது. அவர்களது தொழிலை ஒழிக்க வேண்டும் என்று எமது மார்க்கத்தின் பெயரால் கேட்க எமக்கு உரிமை இல்லை. நாம் கேட்பது வேறு. ஒரு ஊரில் கடை திறப்பதற்கு முன் அந்த ஊரில் வாழும் எல்லோரிடமும் கேளுங்கள். பௌத்த ஊரென்றால் பௌத்தர்களிடம், இந்து ஊரென்றால் இந்துக்களிடம், தோட்டமென்றால் லயங்களில் வாழும் தாய்மாரிடம். அந்த ஊர் 'வேண்டும்' என்று சொன்னால், அது அந்த ஊரின் தீர்மானம். கேட்காமல் திணிப்பதுதான் அநியாயம். இந்தக் கோரிக்கையை ஒரு முஸ்லிம் கோரிக்கையாக முன்வைத்தால் தோற்றுவிடுவோம். பிரஜைகளின் கோரிக்கையாக முன்வைத்தால் பன்சலையும் கோயிலும் தேவாலயமும் எம்மோடு நிற்கும்.

எமது வீட்டுக் கணக்கு

மற்றவர்களைப் பற்றிப் பேசிவிட்டு எம்மைப் பற்றிப் பேசாமல் விடுவது நியாயமில்லை. 'மது எமது பிரச்சினை அல்ல' என்ற எண்ணம் எமது ஊர்களில் இன்னும் இருக்கிறது. வகுப்பறையில் இருபது வருடங்களை நெருங்கும் எனக்கு அந்த எண்ணத்தில் பங்கில்லை. எமது பிள்ளைகளும் அந்தச் சந்தியைக் கடந்துதான் வருகிறார்கள். மதுவில் தொடங்கி மாத்திரைக்கும் 'ஐஸ்' போதைக்கும் போனவர்களின் வீடுகள் எமது ஊர்களிலும் இருக்கின்றன. அந்த வீடுகளின் கதவுகள் மூடியிருப்பதால் எமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அதைவிடக் கசப்பான ஒன்றும் இருக்கிறது. கடை யாருடைய பெயரில் இருந்தாலும், கட்டடம் சில இடங்களில் எம்மவருடையது. "நான் வாடகைக்குத்தானே கொடுத்தேன், நான் விற்கவில்லையே" என்று சொல்லும் ஹாஜியார்மார் இருக்கிறார்கள். மதுவைக் குடிப்பவரை மட்டுமல்ல, வடிப்பவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் என்று அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள் என்பதை எமது மிம்பர்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒரு அனுமதிப்பத்திரத்தின் பெறுமதி கோடிகளில் பேசப்படும்போது, அதற்கேற்ற வாடகையும் பேசப்படும். அந்த வாடகையை மறுப்பதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்கள் கொழும்புக்கு மனு எழுதுவதற்கு முன், தமது மஹல்லாவில் இருக்கும் கட்டட உரிமையாளரோடு அமைதியாக ஒரு தடவை உட்கார்ந்து பேசலாம்.

இப்போது என்ன செய்யலாம்?

2025 மே மாதத்துக்குப் பின் எமது சபைகளில் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். காலியாக இருந்த கதிரைகள் நிரம்பியிருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு பிரதேச சபையும் நகர சபையும் தனது எல்லைக்குள் புதிய மதுபான அனுமதி எதுவும் சபையின் கருத்தைப் பெறாமல் வழங்கப்படக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றி நிதியமைச்சுக்கு அனுப்பலாம். அத்தகைய தீர்மானம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் நாளை நீதிமன்றம் போகும்போது அது ஒரு ஆவணம். சபைக்கு உண்மையான அதிகாரம் உள்ள இடமும் உண்டு. கட்டட அனுமதி சபையின் கையில் இருக்கிறது. வடிசாலை போன்ற தொழிற்சாலைகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். கட்டட வரைபடம் வரும் நாளிலேயே உறுப்பினர்கள் விழிப்பாக இருந்தால், கூரை போட்ட பிறகு ஊர்வலம் போக வேண்டியதில்லை.

இரண்டாவது, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். கடை ஒன்று வரப்போவதாகத் தெரிந்தவுடன், விண்ணப்பதாரர் யார், எந்த வகை அனுமதி, தூர அளவீட்டு அறிக்கை என்ன, பிரதேச செயலாளரும் பொலிஸாரும் எழுதியது என்ன என்று எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதன்பின் ஆணைக்குழுவுக்குப் போகலாம். எத்தனை கையெழுத்துத் திரட்டினாலும், தூர அளவீட்டு அறிக்கையின் ஒரு பிரதி கையில் இருப்பது அதைவிடப் பலம்.

மூன்றாவது, எமது பள்ளிவாசல்கள், தக்கியாக்கள், குர்ஆன் மத்ரசாக்கள் முறையாகப் பதிவு செய்யப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவேட்டில் இல்லாத ஒரு வணக்கத்தலத்தின் பெயரால் தூர விதியைக் கோரி நிற்பது கடினம்.

நான்காவது, நாட்காட்டி. மதுபான அனுமதிப்பத்திரங்கள் வருடா வருடம் புதுப்பிக்கப்படுபவை. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். போயா தினத்தில் விற்பதும் அனுமதியை மீறுவதாகும். இப்படியான மீறல்கள் நடந்தால் திகதியோடு பதிந்து, உரிய இடத்தில் முறையிட்டு, அந்த முறைப்பாட்டின் பிரதியை வைத்திருங்கள். புதுப்பிக்கும் காலத்தில் பேசுவதற்கு அது கைகொடுக்கும்.

இவை எல்லாம் கடைக்கு எதிரான சிறு சிறு தடுப்புகள். உண்மையான தீர்வு சட்டத்தில்தான் வர வேண்டும். 1912 இன் சட்டத்தைத் திருத்தி, விண்ணப்பம் வந்தவுடன் அந்த இடத்தில் மூன்று மொழியிலும் அறிவித்தல் ஒட்டுவதையும், ஆட்சேபங்களைப் பகிரங்கமாக விசாரிப்பதையும், உள்ளூராட்சி மன்றத்தின் சம்மதத்தையும் கட்டாயமாக்க வேண்டும். கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் வாக்கெடுப்புக் கோரும் உரிமையை மீண்டும் கொண்டுவர வேண்டும். 361 என்ற பட்டியலை வெளியிட்டுப் பாராட்டுப் பெற்ற இன்றைய அரசாங்கத்துக்குப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருக்கிறது. பழைய பட்டியலை வாசித்தது நல்லது. அடுத்த பட்டியல் எப்படித் தயாராகும் என்பதை மாற்றுவதுதான் அதைவிட நல்லது.

எமது சமூகத்தின் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நான் வைக்கும் கேள்வியும் அதுவே. எந்தக் கட்சியில் இருந்தாலும் பரவாயில்லை. இந்தத் திருத்தத்தை ஒரு தனிநபர் பிரேரணையாகவாவது கொண்டுவர யார் முன்வருவார்கள்? பெயர்ப் பட்டியலில் தமது பெயர் இல்லை என்று சத்தியம் செய்வதற்குப் பலர் ஓடி வந்தார்கள். ஊருக்கு ஒரு வாக்கு வேண்டும் என்று எழுந்து நின்று பேசுவதற்கு ஒருவராவது வரட்டும்.